உப்போடையில் ஒரு பயிற்சிக்கூடம்: சுவாமி விபுலானந்தரும் சமூகத் தொண்டரும்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் துவைத்தெடுத்த பின்னர், மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் பயிற்சிப் பட்டறைகள் புற்றீசல் போலப் பெருகின. தலைமைத்துவப் பயிற்சி, வலுவூட்டற் பயிற்சி, முரண்பாட்டுத் தீர்வுப் பயிற்சி, சமூக நீதிக்கான அடிமட்டச் செயற்பாட்டாளர் பயிற்சி என அவற்றுக்குப் பற்பல பெயர்கள். இளைஞரும் யுவதியரும் வட்டமாக அமர்ந்தனர்; பெரிய தாள்களில் வண்ணப் பேனாக்களால் எழுதிச் சுவரில் ஒட்டினர்; மதிய உணவுப் பொதியும் போக்குவரத்துப் படியும் பெற்றனர்; மூன்றாம் நாள் மாலையில் சான்றிதழுடன் வீடு திரும்பினர். அவற்றுட் சில பயன் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வெளிநாட்டு நிதி வற்றியபோது பட்டறைகளும் வற்றின. சுவரில் ஒட்டப்பட்ட தாள்களைச் சுருட்டி எங்கே வைத்தார்கள் என்பதை இன்று எவரும் அறியார்.

இத்தகைய பட்டறைகளில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேயரின் பெயர் தவறாது உச்சரிக்கப்படுவதுண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் 1932 இல் தோன்றிய ஹைலாண்டர் நாட்டார் பள்ளியும், 1955 இல் அங்கு பயின்று சென்ற ரோசா பார்க்ஸ் அம்மையார் சில மாதங்களின் பின் பஸ் வண்டியில் ஆசனம் விட்டெழ மறுத்து ஒரு பேரியக்கத்துக்கு வழிதிறந்த வரலாறும் எடுத்துரைக்கப்படுவதுண்டு. நல்லதே. ஆனால் ஹைலாண்டர் பள்ளிக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, கல்லடிப் பாலத்துக்கு அப்பால் உப்போடையிலே ஒரு துறவி தொடங்கிய முயற்சியைப் பற்றி அங்கு எவரேனும் பேசியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. சுவாமி விபுலானந்தரை நாம் யாழ் நூல் ஆசிரியர் என்றும், முத்தமிழ் வித்தகர் என்றும் போற்றி மாலையிட்டு, சிலையாக நிறுத்திவிட்டோம். தொண்டர்களை உருவாக்கிய ஆசான் என்ற அவரது முகம் அந்த மாலைகளுக்குள் மறைந்துபோயிற்று.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கடலோரமாக நீளும் வீதியிற் செல்பவர்கள் கல்முனையையும் சாய்ந்தமருதையும் கடந்ததும் காரைதீவை அடைவர். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், மேற்கே மாவடிப்பள்ளி என முஸ்லிம் ஊர்கள் சூழ்ந்திருக்க, கிழக்கே கடலைப் பார்த்தபடி அமைந்த தமிழ் ஊர் அது. இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்குகிறது. 1961 இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பின் பகுதியாகவே இருந்தது. அங்குள்ள கண்ணகை அம்மன் கோயில் தொன்மை வாய்ந்தது. பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே காற்றிற் கலக்கும் அவ்வூரில் 1892 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் திகதி சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனாக மயில்வாகனன் பிறந்தார். தற்செயல்தான், எனினும் குறித்து வைக்கத்தக்கது: சித்தி லெப்பை முதலியோரின் முயற்சியாற் கொழும்பிலே முஸ்லிம்களுக்கென ஸாஹிராக் கல்லூரி தோன்றியதும் அதே 1892 இல்தான். பிற்காலத்தில் இவ்விரு நிகழ்வுகளும் ஒரு மனிதரில் வந்து சந்திக்கவிருந்தன.

அக்காலத்திற் கிழக்கிலங்கையில் ஒரு பிள்ளை ஆங்கிலம் கற்க வேண்டுமெனில் கிறிஸ்தவ மிஷன் பாடசாலையின் படியேற வேண்டும். வேறு வழி அரிது. மயில்வாகனனும் ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தமிழ் தொடங்கி, கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் பிரெஞ்சு யேசு சபைக் குருமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். பதினாறு வயதிற் கேம்பிரிட்ஜ் சிரேட்ட பரீட்சையிற் சித்தியெய்தினார். கற்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். இந்தப் பின்னணியை இங்கு வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. மிஷன் பாடசாலைகளின் ஒழுங்கையும், குருமாரின் அர்ப்பணிப்பையும், ஒரு சிறு குழுவினர் ஊதியம் கருதாது உழைத்தால் ஒரு பிரதேசத்தின் போக்கையே மாற்றலாம் என்பதையும் அவர் உள்ளிருந்து கண்டார். அதேவேளை, மதம் மாறுவோமோ என்ற அச்சத்தாற் பள்ளிக்கூட வாயிலை மிதிக்காத சைவக் குடும்பங்களையும் முஸ்லிம் குடும்பங்களையும் அவர் வெளியிலும் கண்டார். பிற்காலத்தில் அவர் செய்தவை யாவும் இவ்விரு காட்சிகளிலிருந்தும் முளைத்தவை என்பது எமது கணிப்பு.

அதன் பின்னர் அவரது கல்விப் பயணம் விரைவாக நகர்ந்தது. 1911 இற் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அங்கு தென்கோவை கந்தையாபிள்ளையிடம் தமிழ். 1916 இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேர்ச்சி. இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதலிற் தேறியவர் அவரே. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றிக் கொண்டே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அரசாங்கத்தில் உயர்பதவியோ, மிஷன் கல்லூரியொன்றில் நிலையான வாழ்வோ எளிதிற் கிட்டியிருக்கக்கூடிய தகைமைகள் அவை. அவர் அவற்றை நாடவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் வாழ்ந்த ஆண்டுகளில் இரண்டு விடயங்கள் அவரது மனத்தைப் பதப்படுத்தின. ஒன்று, சென்னை இராமகிருஷ்ண மடத்திலிருந்து இலங்கைக்கு வந்த சுவாமி சர்வானந்தரின் தொடர்பு. மற்றையது, தமிழாசிரியர்களை முறையாகப் பயிற்றுவதற்காக 1921 இல் யாழ்ப்பாணத்தில் உருவான ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம். அதனைத் தோற்றுவித்தவருள் அவரும் ஒருவர். பிரவேச, பால, பண்டித பரீட்சைகள் என மூன்று படிகளை அச்சங்கம் வகுத்தது. கிராமத்துத் திண்ணைப் பள்ளியில் ஒற்றைச் சட்டையுடன் நின்ற உபாத்தியாயர் ஒருவர், தம் ஊரைவிட்டு நெடுந்தொலைவு செல்லாமலே படிப்படியாகத் தேர்ச்சி பெற்று மதிப்புடன் நிற்க இது வழி செய்தது. ஏதேனும் ஒரு தொண்டு நீடிக்க வேண்டுமாயின் தனிமனிதரின் உற்சாகம் போதாது, தொடர்ச்சியாக ஆட்களை உருவாக்கும் ஒரு பொறிமுறை வேண்டும் என்பதை அவர் அப்பொழுதே உணர்ந்திருந்தார் போலும்.

1922 இல் அதிபர் பதவியைத் துறந்து மயிலாப்பூர் மடத்திற் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயருடன் இரு ஆண்டுகள் பிரமச்சரிய நிலையில் இருந்து, இராமகிருஷ்ண விஜயம் என்ற தமிழ் ஏட்டையும் வேதாந்த கேசரி என்ற ஆங்கில ஏட்டையும் கவனித்தார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமியன்று, இராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தரானார். துறவு என்றதும் மலைக்குகையை எண்ணுவோர் உளர். விவேகானந்தரின் வழிவந்த துறவோ ஊருக்குள் இறங்கி வேலை செய்யச் சொன்னது. பசித்தவனுக்கும் எழுத்தறியாதவனுக்கும் செய்யும் சேவையே வழிபாடு என்பது அதன் அடிப்படை. 1925 இல் அவர் அந்தக் கட்டளையுடன் ஈழத்துக்குத் திரும்பினார்.

இங்கே அன்றைய மட்டக்களப்பின் நிலையைச் சற்று நினைவுகூர வேண்டும். வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேலாக வடக்குத் தெற்காக நீண்டு நிலத்தை இரண்டாகப் பிளக்கிறது. சூரியன் உதிக்கும் பக்கம் எழுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணற்றரையில் நகரும், பெரிய ஊர்களும், பாடசாலைகளும் இருந்தன. சூரியன் மறையும் பக்கம் படுவான்கரை. நெல்வயல்கள் பரந்த அப்பக்கத்தில் உழைப்பு இருந்தது, எழுத்து இல்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குச் செல்ல வேண்டுமெனில் தோணியேற வேண்டும். காணி போடியார்களின் கையிலிருந்தது. வயலில் உழைத்தவன் முல்லைக்காரனாகப் போடியாரின் தயவில் வாழ்ந்தான். 1924 இல் கல்லடியில் வாவிக்குக் குறுக்கே இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. 1920 களின் இறுதியிற் புகையிரதமும் வந்து சேர்ந்தது. வெளியுலகம் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருந்த வேளை அது.

அவ்வேளையிலேயே அரசியலும் வந்து கதவைத் தட்டியது. 1927 இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்து விசாரணை நடத்தி, படித்தவர் பணக்காரர் மட்டுமன்றி வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்கள் அதனை எதிர்த்தனர். எழுத்தறியாத கூலியாளும், அடுக்களைப் பெண்ணும், கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவனும் ஆட்சியைத் தீர்மானிப்பதா என்ற ஏளனம் உயர்குடியினரிடையே வெளிப்படையாகவே இருந்தது. 1931 இற் சர்வசன வாக்குரிமையின்படி முதலாவது தேர்தல் நடந்தது. அன்று வாக்குச் சீட்டைக் கையிலே பெற்ற முல்லைக்காரனுக்கு, அந்தச் சீட்டின் பொருளை எவர் விளக்குவது? அரசியற் கல்வி என்று இன்று நாம் கூறுவதன் தேவை இந்நாட்டில் எழுந்த தருணம் அதுவே.

யாழ்ப்பாணத்தில் அத்தேவையை ஒரு வகையில் நிறைவேற்ற முயன்றது, ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கம். பூரண சுயராச்சியம், சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி ஆகியன அதன் கொள்கைகள். சைவர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அங்கில்லை. 1927 நவம்பரில் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. பாடசாலைகளிற் சமஆசனத்துக்கும் சமபோசனத்துக்கும் போராடியவர்களும் அவர்களே. காவியுடையணிந்த விபுலானந்தர் அவ்வியக்கத்தின் ஆண்டு மாநாடொன்றுக்குத் தலைமை தாங்கினார். துறவி ஒருவர் சுயராச்சியம் கோரும் இளைஞரிடையே தலைவராக அமர்ந்தமை அன்று பலரது புருவங்களை உயர்த்தியிருக்கும். அவர் கட்சி அரசியலில் இறங்கினாரல்லர். மடத்தின் விதிகளும் அதற்கு இடந்தரா. ஆனால் அடிமைத்தனத்தையும் சாதியையும் எதிர்ப்பது கட்சி அரசியல் அன்று என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

1931 தேர்தலை வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. பூரண சுயராச்சியம் இல்லாத யாப்பு வேண்டாம் என்ற கொள்கைப் பிடிப்பால் வடக்கின் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. கிழக்கிலோ வாக்களிப்பு நடந்தது. மட்டக்களப்பில், காலியைச் சேர்ந்த மாக்கான் மாக்கார் வெற்றிபெற்று அமைச்சருமானார். கொள்கையில் உயர்ந்து நின்றவர்கள் சபைக்கு வெளியே நிற்க, அரசியற் பயிற்சி எதுவும் பெறாத கிழக்கின் ஏழை வாக்காளர் முதன்முறையாக வாக்குச் சாவடிக்குள் நுழைந்தனர். இதில் எது சரி என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் பகிஷ்கரிப்பு அரசியலின் சுவையை யாழ்ப்பாணம் அன்றே கண்டுவிட்டது என்பதை இடைப்பிறவரலாகச் சொல்லிவைக்கிறோம்.

விபுலானந்தர் கிழக்கிலே தேர்ந்த வழி வேறு. இராமகிருஷ்ண மிஷனின் சார்பிற் பாடசாலைகளைப் பொறுப்பேற்பதும் புதிதாக நிறுவுவதும் அவரது முதற்பணியாயிற்று. காரைதீவு, ஆனைப்பந்தி, தோணியேறிச் செல்ல வேண்டிய மண்டூர் என அது விரிந்தது. திருகோணமலை இந்துக் கல்லூரியும், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும் மிஷனின் அரவணைப்பில் இயங்கின. காரைதீவிலும் ஆனைப்பந்தியிலும் பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகள் நடந்தன. 1929 இற் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. தமக்குத் துறவளித்த குருவின் பெயரை அதற்குச் சூட்டினார்.

அவ்வித்தியாலயத்தை ஓர் உயர்தர ஆங்கிலப் பாடசாலை என்று மட்டும் சொல்வது பொருந்தாது. அதனோடு இணைந்த மாணவர் இல்லத்திலே ஏழைப் பிள்ளைகளும் தாய் தந்தையற்ற பிள்ளைகளும் தங்கிப் படித்தனர். ஒன்றாக உறங்கி, ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது அங்கு அன்றாட நடைமுறை. சமபோசனத்துக்காக வேறிடங்களில் ஊர்வலமும் எதிர்ப்பும் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், உப்போடையில் அது காலை உணவு போல நிகழ்ந்தது. சாதி பற்றி ஒரு மணிநேரம் சொற்பொழிவாற்றுவதைக் காட்டிலும், குடிப்பெருமை பேசும் ஒருவரின் மகனை வண்ணானின் மகனோடு ஒரே பாயில் அமர்த்துவது வலிய பாடம். இதனை எவரும் பாடத்திட்டத்தில் எழுதிவைக்கவில்லை. முஸ்லிம் மாணவரும் அங்கு கற்றனர். மதம் மாற்றப்படுவோம் என்ற அச்சமின்றி ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்கக்கூடிய இடமாக அது அவர்களுக்கும் அமைந்தது. காத்தான்குடி அங்கிருந்து சில மைல் தொலைவுதான்.

அங்கு கற்றுத் தேறியோர் பலர் ஆசிரியராகவே சென்றனர். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பாடசாலையொன்றின் ஒரேயொரு ஆசிரியர் என்பவர் அக்காலத்திற் பலவுமாவார். கடிதம் வாசித்துக் காட்டுபவரும், மனு எழுதிக் கொடுப்பவரும், கச்சேரியில் எவரைச் சந்திக்க வேண்டுமெனச் சொல்பவரும், கிராமச் சங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்பவரும் அவரே. ஒரு முல்லைக்காரனுக்கு அரசாங்கம் என்பது என்ன, அதனிடம் எதனைக் கேட்கலாம் என்பதைக் கற்பித்தவர் அந்த ஆசிரியரன்றி வேறெவர்? அரசியற் பயிற்சி என்ற பெயர்ப்பலகையின்றி நடந்த அரசியற் பயிற்சி அது. மூன்று நாளில் முடிந்த பயிற்சியுமன்று.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அப்பதவியை வகித்த முதல்வர் அவர். சிதம்பரம் தில்லைவாழ் அந்தணரின் கோட்டை; நந்தனாரின் கதை நிகழ்ந்த ஊர். தாழ்த்தப்பட்ட சமூகத்திற் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916 இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம் அங்கே தன் மக்களுக்காகப் போராடிக் கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தையொட்டிய திருவேட்களத்திலும் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்தனர். பகலிற் பட்டதாரி மாணவருக்குச் சிலப்பதிகாரம் கற்பித்த பேராசிரியர், மாலையில் அச்சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பெற்ற ஊதியத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாது ஏழை மாணவருக்கும் உப்போடைப் பள்ளிக்கும் செலவிட்டார். தமிழ்ப் பண்டிதர்கள் பாரதியைக் கவிஞராக ஏற்கத் தயங்கிய அக்காலத்தில், மாணவரைத் திரட்டி அவரது பாடல்களைப் பயிலச் செய்தவரும் அவரே. பாரதியின் பாடல்களைப் பயில்வது என்பது 1930 களில் வெறும் இலக்கிய இரசனையாக முடிந்துவிடக்கூடிய காரியமன்று. காவற்றுறையின் குறிப்பேட்டில் இடம்பெறக்கூடிய காரியம்.

மொழியைப் பற்றிய அவரது அக்கறையையும் இந்நோக்கிலேயே பார்க்க வேண்டும். 1936 இற் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார்; அதன் பயனாக 1938 இற் கலைச்சொற் தொகுதி வெளிவந்தது. இரசாயனமும் பௌதிகமும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும் வரை அறிவு ஒரு சிலரின் காணியாகவே இருக்கும். வேலிக்குள் அடைபட்ட அந்தக் காணியைத் திறந்துவிடும் வேலையே சொல்லாக்கம். விவேகானந்தரின் கருமயோகத்தையும் ஞானயோகத்தையும் தமிழாக்கியதும், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மதங்க சூளாமணியில் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்ததும் அவ்வேலையின் பிற பகுதிகள்.

1939 முதல் சில ஆண்டுகள் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் ஆங்கில ஏட்டின் ஆசிரியராகப் பணியாற்றிவிட்டுத் திரும்பினார். அவர் திரும்பிய காலம் யுத்தகாலம். அரிசிப் பஞ்சத்தைச் சமாளிக்கக் கிழக்கின் நெல்வயல்களை அரசாங்கம் நாடியது. உணவு உற்பத்தியை மேற்பார்வை செய்வதற்கென 1942 இற் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, விபுலானந்தரின் மிஷனுடன் தொடர்புபட்ட அதே வைத்தீசுவர வித்தியாலயத்திலும் பின்னர் இந்துக் கல்லூரியிலும் கற்று, இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிம் அவர்.

கிழக்கின் முஸ்லிம் கிராமங்களின் கல்வி நிலையைக் கண்ணாரக் கண்ட அஸீஸ் மனம் கலங்கினார். நெல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர்களில் எழுத்துக்குப் பஞ்சம் நிலவியது. கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அக்காலத்திலேயே அடிகளாருக்கும் அவருக்கும் நெருங்கிய நட்பு மலர்ந்தது. தமிழ் மொழியின்பாலும், ஏழை மாணவருக்கான நிதியமொன்றின் தேவையின்பாலும் தமது சிந்தனை திரும்பியதில் அந்நட்புக்கிருந்த பங்கை அஸீஸ் பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்ததுண்டு. 1945 இல் அவர் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, வறுமையாற் படிப்பைக் கைவிடவிருந்த எத்தனையோ முஸ்லிம் மாணவரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றது. 1948 இற் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகி, 1961 வரை அதனைக் கட்டியெழுப்பினார். பதவியைத் துறந்து கல்விக்கு வந்த அந்த முடிவு, 1922 இல் மானிப்பாயில் ஒருவர் எடுத்த முடிவை நினைவூட்டவில்லையா?

இந்த வரலாற்றைத் தமிழ்ப் பாடசாலையொன்றின் விபுலானந்தர் விழாவிற் சொல்பவர் அரிது. முஸ்லிம் பாடசாலையில் நடக்கும் அஸீஸ் நினைவுப் பேருரையிலும் அது ஓரிரு வாக்கியங்களோடு கடந்து செல்லப்படுகிறது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்ற உவமையை மேடைகளிற் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். குழலுக்குள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டும் தனித்தனியே நிற்கும் உறவையே அவ்வுவமை சுட்டுகிறது என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1985 ஏப்ரலிற் காரைதீவு எரிந்தது. 1990 ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் ஏறாவூரிற் பெண்களும் குழந்தைகளும் வெட்டப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிற் தமிழர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். இவ்விடங்களுட் பெரும்பாலானவை விபுலானந்தர் மாட்டுவண்டியிலும் தோணியிலும் அலைந்த நிலத்துக்குள் அடங்குபவை. அந்நிலத்தின் ஊர்களுக்கு ஆசிரியர்களை அனுப்பிய மனிதரை நாம் இசையாராய்ச்சிக்குள் மட்டும் அடைத்துவைத்தது தற்செயலானதா என்ற ஐயம் எமக்குண்டு.

அவரிடம் குறையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. அவர் இயங்கியது ஒரு சமய நிறுவனத்தின் கூரையின் கீழ். பாடசாலையின் காலைப் பிரார்த்தனையும், அதன் பண்டிகைகளும், அதன் பெயருமே ஒரு சமயத்தின் வாசனையைத் தாங்கியவை. முஸ்லிம் பெற்றோர் பலர் தயங்கியிருப்பின் அவர்களைக் குறைகூற இயலாது. போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இடையிலான காணி உறவு பற்றிய விரிவான விமர்சனத்தை அவரது எழுத்துக்களில் தேடிச் செல்பவர் ஏமாற்றமடைவார். கல்வி வந்தால் மற்றவை தாமே சீர்ப்படும் என்ற நம்பிக்கை அவரது தலைமுறையின் பொதுவான நம்பிக்கை. கல்வி பெற்றவன் படுவான்கரையை விட்டு உத்தியோகம் தேடிக் கொழும்புக்குப் போய்விடுவான் என்பதை அத்தலைமுறை போதியளவு எண்ணிப் பார்க்கவில்லை. இன்றும் படுவான்கரைப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறை பற்றிப் பேசுவோர் அந்தப் பழைய கணக்கின் மிச்சத்தையே பேசுகின்றனர்.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழரின் யாழைப் பற்றிய நீண்டகால ஆராய்ச்சியையும் அவ்வாண்டுகளிலேயே நிறைவு செய்தார். கண்ணகை அம்மன் கோயிலின் நிழலில் வளர்ந்தவருக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து அந்த ஆராய்ச்சி பிறந்தமை இயல்பே. நிலவொளியில் மட்டக்களப்பு வாவியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் மீன்களின் இசையும் அவரது கற்பனையைத் தூண்டியது. 1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளிற் தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன் யாழ் நூல் அரங்கேறியது. உடல் நலிந்திருந்த அவர் கொழும்புக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஜூலை 19 ஆம் திகதி காலமானார். வயது ஐம்பத்தைந்து. இந்தியா விடுதலை பெற இன்னும் நான்கு வாரங்கள்கூட இல்லை. இலங்கையின் முதலாவது பாராளுமன்றத் தேர்தலையும், அதனைத் தொடர்ந்து 1948 இல் மலையகத் தமிழர் குடியுரிமை இழந்ததையும் காண அவர் இருக்கவில்லை.

அவரது உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. இறைவனுக்கு உகந்த மலர் எதுவென்று அவர் பாடிய பாடல் சமாதியிற் பொறிக்கப்பட்டுள்ளது. 1960 களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அவர் நிறுவிய பாடசாலைகளும் அரசுடைமையாயின. மாணவர் இல்லம் மிஷனிடம் தொடர்ந்தது. கல்லடியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் பேராசிரியராக இருந்த அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி மேலும் ஒரு செய்தி உண்டு. பாணந்துறையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பல்கலைக்கழகத்திற் தமிழ் கற்க வந்தார். சிங்களச் சூழலில் வளர்ந்தவர், பெயர் ம. மு. உவைஸ். முஸ்லிம்கள் தமிழில் எழுதிய இலக்கியங்களைப் பற்றி அவரிடம் வினவிய பேராசிரியர், அத்துறை ஆராயப்படாமற் கிடப்பதைச் சுட்டிக்காட்டி அதனை அவர் கையில் எடுக்குமாறு தூண்டினார். சீறாப்புராணத்தையும் அதுபோன்ற நூற்றுக்கணக்கான படைப்புகளையும் தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் ஒதுக்கிய காலம் அது. தூண்டியவர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 1951 இல், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்புப் பற்றிய தமது முதுமாணி ஆய்வை உவைஸ் நிறைவு செய்தார்; 1953 இல் அது நூலாயிற்று. மறைந்துகிடந்த காப்பியங்களைத் தேடித் தமிழகத்தின் கடற்கரை ஊர்களெங்கும் அலைந்தார். 1979 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கை நிறுவப்பட்டபோது, அதில் முதலில் அமர்ந்த பேராசிரியர் அவரே.